பட்டணத்தின் வளர்ச்சியும் நம் பிள்ளைகளின் படிப்பும்

பட்டணங்கள் பெருகி வருவதை யாவரும் அறிவோம். 2011 ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 48 பேருக்கு மேல் நகரவாசிகள். இந்தியா முழுமைக்கும் அவ்விகிதம் 31. ஆயினும், ஓர் ஊர் எதனால் வளர்கிறது, அவ்வளர்ச்சியில் தறிக்காரருக்கும் மானாவாரி விவசாயிக்கும் கிடைக்கும் பங்கு யாது என்று ஆராய்ந்து கூறுவோர் மிகச் சிலரே. இவ்வாராய்ச்சியை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து அங்கத்தினர்களின் பிள்ளைகளும் முன்வர வேண்டும் என்பது நம் கருத்து.

இது நமக்கு அயலான கல்வி அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915 ஆம் ஆண்டு வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் வினாத்தாள்களைக் கொடுத்துக் கிராமங்களை ஆராயச் செய்தார். 1918 ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த அவ்வாய்வில் வடமலாபுரமும் ஒன்று. அன்று ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த அவ்வூர் இன்று நம் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. 1936-37 ஆம் ஆண்டுகளில் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் மேற்பார்வையில் அக்கிராமங்கள் மறுபடியும் ஆராயப்பட்டன. ஒருமுறை எடுத்த கணக்கு ஊரின் நிலையைக் காட்டும். மீண்டும் சென்று எடுத்த கணக்கே அதன் போக்கைக் காட்டும்.

கிராமத்திற்குப் பொருந்திய இம்முறை நகரத்திற்கும் பொருந்துவதே. புனாவில் 1930 ஆம் ஆண்டு தோன்றிய கோகலே பொருளாதார ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் டி. ஆர். காட்கில், அந்நகரத்தின் பொருளாதார நிலையை விரிவாக ஆராய்ந்து 1945 ஆம் ஆண்டு வெளியிட்டார். அவரே பிரவரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் முதல் தலைவராகவும் விளங்கினார். ஆராய்ச்சியும் கூட்டுறவும் ஒருவரிடத்தே இணைந்து நின்றதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நெசவூர் ஒன்றை ஆராய்ந்த கதையும் உண்டு. பார்பரா ஹாரிஸ் ஒயிட் என்னும் ஆங்கிலேயப் பேராசிரியை, 1973 ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஆரணிக்கு வந்து ஆராய்ந்தார். பெரிய ஆலைகளின்றி, நெல் வியாபாரத்தாலும் பட்டு நெசவாலும் சிறு குடும்பத் தொழில்களாலும் ஓர் ஊர் பட்டணமாகும் விதம் அதனால் புலனாயிற்று.

நம் வட்டாரத்திற்கு இத்தகைய ஆராய்ச்சி ஏன் வேண்டும்? நகராட்சியோ பேரூராட்சியோ அல்லாத ஓர் ஊரை நகரம் என்று கொள்ள, 2011 ஆம் ஆண்டுக் கணிப்பு மூன்று நிபந்தனைகளை வைத்தது. ஜனத்தொகை 5,000-க்குக் குறையலாகாது. சதுரக் கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ வேண்டும். ஆண்களில் முழுநேர உழைப்பாளர்களுள் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருத்தல் வேண்டும். மூன்றாவது நிபந்தனையைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். வீட்டிலிருந்து தார் சுற்றியும் பாவு வேலை பார்த்தும் தறிக்குத் துணை நிற்கும் பெண்களின் உழைப்பு அதில் எண்ணப்படுவதே இல்லை. ஐப்பசி மழையை நம்பிக் கரிசலில் பருத்தியும் மல்லியும் விதைத்துவிட்டு, கோடையில் தறிக்குச் செல்பவரின் ஈருழைப்பும் ஒரே தொழிலின் கீழ் அடங்கிவிடும். திட்டங்களும் நிதியும் கணக்குகளைக் கொண்டே வகுக்கப்படுகின்றன. கணக்கில் ஏறாத உழைப்புக்குத் திட்டத்தில் இடம் கிடைப்பது அரிது.

இக்குறையைத் தறியும் காடும் அறிந்தவர் எளிதில் காண்பர். நூல் விலை ஏறும்போது கூலி ஏன் ஏறுவதில்லை என்பதை ஏட்டில் படித்தவரினும் தறிமேட்டில் வளர்ந்தவர் நுட்பமாக வினவுவார். ஆனால் அனுபவம் மட்டும் போதாது. பள்ளியில் கணிதத்தை விடாது கற்று, பொருளாதாரத்திலோ புள்ளியியலிலோ முதுகலைப் பட்டம் பெறுதல் வேண்டும். மால்கம் ஆதிசேஷையா 1971 ஆம் ஆண்டு நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் மேற்கொண்டு முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். 1961 ஆம் ஆண்டு அமைந்த இந்தியப் பொருளாதாரப் பணிக்கு மத்தியத் தேர்வாணையம் போட்டித் தேர்வு நடத்துகிறது. 1950 ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய மாதிரி ஆய்விலும் வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டும் களப்பணி உண்டு. படிப்பு நீண்டது, ஆய்வு மாணவருக்கு உதவித்தொகையே வருமானம். ஆதலின் பெற்றோர் பொறுமை காட்டுதல் அவசியம். பெண் பிள்ளைகளையும் இத்துறைக்கு அனுப்பத் தயங்கலாகாது. வீட்டினுள் நடக்கும் உழைப்பைக் கேட்டறிய அவர்களே பெரிதும் தகுந்தவர்கள்.

சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. நம் பழைய பேரேடுகளில் நூல் வழங்கியதும், கூலி கொடுத்ததும், கடன் வசூலானதும் ஆண்டுவாரியாக உள்ளன. அவை ஊரின் வரலாற்றுக்கு ஆதாரங்கள். கறையானுக்கு இரையாகாமல் காத்தல் வேண்டும். சட்டமும் துணைவிதிகளும் இடந்தரும் அளவில், பொதுநல நிதியிலிருந்து ஒரு மாணவருக்கேனும் படிப்புதவி அளிக்கலாம். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இவ்விரண்டையும் தீர்மானமாகக் கொணர வேண்டுகிறோம்.