சூசையப்பர் திருநாளில் ஒரு லசானியா

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் 19ஆம் திகதி, சனிக்கிழமை. தவக்காலத்தின் நடுவே புனித சூசையப்பர் பெருவிழா வந்திருந்தது. அன்றுதான் அவருடைய பெயரையே தாங்கிய எமது இளைய மகனுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தது. உறவினர் வீட்டுத் திருமண விருந்தொன்றில் ஒருமுறை உண்ட லசானியாவின் சுவையை அவன் மறந்திருக்கவில்லை. பிறந்தநாளுக்கு அதனை வீட்டிலேயே செய்து தருவதாகப் புத்தாண்டு அன்று நான் வாக்களித்திருந்தேன். அவ்வாக்கு அன்று எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

அந்த மார்ச் மாதத்தை இலங்கையில் வாழ்ந்தவர்களுக்கு நினைவூட்டவேண்டிய அவசியமில்லை. 400 கிராம் பால்மாப் பொதியின் விலை 790 ரூபாவாகியிருந்தது. அந்த விலைக்கும் அது கடையில் கிடைப்பது அரிது. எரிவாயு உருளையைப் பெற விடியுமுன்னரே வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. (ஏப்ரலில் 12.5 கிலோ உருளையொன்று 4,860 ரூபாவை எட்டியது.) மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீண்டது. கொம்பனித்தெருவின் ஒடுங்கிய ஒழுங்கையில் உள்ள எமது வீட்டில் எரிவாயு தீர்ந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. அடுத்த வீட்டு மலாய் அம்மையார் தமது மண்ணெண்ணெய் அடுப்பை இரவல் தந்திருந்தமையால் இரண்டு குடும்பங்களும் முறைவைத்துச் சமைத்துக்கொண்டிருந்தோம்.

காலைத் திருப்பலி முடிந்து வந்து அலுமாரியைத் திறந்து பார்த்தேன். ஒரு சுண்டு மைசூர்ப் பருப்பு, ஏறக்குறைய அரைக் கிலோ கோதுமை மா, ஒரு தேங்காய், கனிந்து நசுங்கிய மூன்று தக்காளி, வெங்காயம், உள்ளி, முந்திய நாள் பாணில் மிஞ்சிய காற்றாத்தல், வெள்ளித்தாளில் சுற்றிய சீஸ் துண்டுகள் இரண்டு. முட்டை இல்லை, பட்டர் இல்லை, பால் இல்லை. தவக்காலம் முழுவதும் எமது வீட்டில் இறைச்சி சேர்ப்பதில்லை. ஆதலின் அது இல்லாமை ஒரு குறையாகத் தோன்றவில்லை. பாணும் சம்பலும்தான் இன்று என மகனிடம் கூறினேன். "பரவாயில்லை, அம்மா" என்றான். அழுதிருந்தால் அதட்டியிருப்பேன், அந்த நிதானம்தான் என்னைச் சுட்டது. அந்தக் காலத்தில் பிள்ளைகள் விரைவாக முதிர்ந்துவிட்டார்கள்.

உண்மையில் லசானியா என்பது யாது? முட்டை சேர்த்த மாத்தகடு, இறைச்சிக் குழம்பு, பாற்குழம்பு, மேலே நிறையச் சீஸ் என்பதே நாம் அறிந்தது. அது வட இத்தாலியின் செழிப்பான சமையலறையில் உருவானது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த, நாப்போலி அரசவையோடு தொடர்புபடுத்தப்படும் இலத்தீன் சமையல் நூலொன்று கூறும் லசானியாவில் தக்காளியே கிடையாது. தக்காளி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவை அடைந்தது இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர்தான். அவித்த மாத்தகடுகளுக்கிடையே துருவிய சீஸும் வாசனைத் தூளும் மட்டுமே. அதற்கும் மிக முன்னர், கி.மு. முதலாம் நூற்றாண்டில், உரோமைக் கவிஞர் ஹொராஸ் தமது எளிய இரவுணவாகக் குறிப்பிடுவது லீக்ஸ், கொண்டைக்கடலை, மாத்தகடு ஆகியவற்றைத்தான். தென் இத்தாலியின் ஏழைகள் இன்றும் கடலையோடு மாத்தகடு உண்கிறார்கள். அந்த மாவில் முட்டை சேர்ப்பதில்லை. காலிமுகத்திடலில் கடலை கொறிப்பவர்களுக்கு இது அந்நிய உணவா என்ன? நமது குசினியும் பாணும் அலுமாரியும்கூடப் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொற்கள்தானே.

இருநூற்றைம்பது கிராம் மாவில் உப்பிட்டு, அரைக் கோப்பை நீரை அளந்து ஊற்றிப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைத்தேன். உருளைக் கட்டை இல்லாத குறையைக் கழுவிய போத்தல் தீர்த்தது. அடுத்த பக்கத்து எழுத்து தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்க்கவேண்டும், தடித்தால் களியாகிவிடும். தகடுகளைக் கொதிநீரில் ஒரு நிமிடம் மட்டும் அவித்து எடுத்தேன். எரிபொருளை எண்ணிச் சமைத்த அந்நாட்களில் மைசூர்ப் பருப்பைப் போல் உதவியது வேறெதுவுமில்லை. இருபது நிமிடங்களில் வெந்துவிடும். அதனைத் தக்காளி, வெங்காயம், உள்ளி, சிறிது கறுவா சேர்த்துக் கெட்டியாக வற்றவைத்தேன். பாற்குழம்புக்குத் தேங்காய்ப்பால். மூன்று கரண்டி மாவைத் தேங்காயெண்ணெயில் சிவக்காமல் வறுத்து, இரண்டாம் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, மெல்லிய தீயில் கைவிடாது துழாவவேண்டும். தீ மிஞ்சினால் பால் திரைந்துவிடும். இறுதியில் சாதிக்காய் சிறிது துருவிப் போட்டேன். இத்தாலியரும் அதைத்தான் போடுகிறார்கள். அவர்களுக்கு அது கடல் கடந்து வருவது, நமக்கோ கண்டிப் பக்கத்திலிருந்தே வருகிறது.

சுடுவது எப்படி என்பதில் நான் திகைத்து நின்றபோது மாமி எழுந்து வந்தார். "மின்சாரம் இல்லாத காலத்திலும் நாங்கள் நத்தார் கேக் சுட்டோம், பிள்ளை" என்றார். கனத்த பெரிய பாத்திரத்தின் அடியில் மணல் பரப்பி, அதன்மேல் உணவுப் பாத்திரத்தை வைத்து மூடி, மூடியின்மீது சிரட்டைத் தணலைக் குவித்தார். வாசற்படியில் நிகழ்ந்த இந்த வேலையை ஒழுங்கை முழுவதும் வேடிக்கை பார்த்தது.

சீஸ் போதவில்லை. காய்ந்த பாணைத் துருவி, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து மேலே தூவினேன். சிசிலித் தீவில் ஏழைகளின் சீஸ் இதுவே என்பதை அறிந்திருந்தேன். அங்கே ஒரு காலத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது மக்கள் புனித சூசையப்பரை வேண்டினர் என்றும், மழை பெய்து ஃபாவா எனும் அவரை இன விதை விளைந்து அவர்களைக் காத்தது என்றும் மரபு கூறுகிறது. அந்நன்றிக்காக மார்ச் 19இல் அவர்கள் 'சூசையப்பரின் மேசை' அமைக்கிறார்கள். தவக்காலமாதலால் அதில் இறைச்சி இராது. வறுத்த பாண்தூள் தூவிய மாவுணவு இருக்கும். அத்தூள் தச்சுப் பட்டறையின் மரத்தூளைக் குறிப்பதாம். திருக்குடும்பத்தினராக வேடமிட்ட சிறுவர்களுக்கும் வறியோருக்கும் பரிமாறிய பின்னரே வீட்டார் உண்பர்.

சாரிபாத்தூர்க் கைம்பெண்ணின் வரலாற்றிலும் இதே ஒழுங்குதான். பஞ்ச காலத்தில் தானும் மகனும் கடைசியாக உண்பதற்கு அவள் விறகுச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மா கொஞ்சம், எண்ணெய் கொஞ்சம் இருந்தன. எலியாவோ தமக்கு முதலில் ஒரு சிற்றப்பம் செய்யுமாறு கேட்டார். மறையுரைகளில் பலமுறை கேட்டிருந்தும், அவள் கையில் விறகு இருந்ததை நான் கவனித்தது அந்த ஆண்டில்தான்.

நாற்பது நிமிடங்களின் பின் மூடியைத் திறந்தோம். அடித்தகடு சற்றுக் கருகியிருந்தது. மேற்புறம் சிவந்து மணத்தது. முதல் துண்டை வெட்டித் தட்டில் வைத்து, "அன்ரிக்குக் கொடுத்துவிட்டு வா" என்றேன். மகன் தட்டையும் பாத்திரத்தில் மீதமிருந்ததையும் மாறிமாறிப் பார்த்தான். ஆறு பேருக்கு அது போதுமா எனக் கணக்கிட்டிருப்பான். பின்னர் எதுவும் பேசாமல் எடுத்துச் சென்றான்.

மறுநாள் அத்தட்டு திரும்பி வந்தது. அதில் மூன்று முட்டைகள் இருந்தன.