மஞ்சள் மாத்திரையும் மஞ்சளும் ஒன்றல்ல

தண்ணீரில் இறங்காத சாரம்

ஒரு தம்ளர் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கலக்கிச் சற்று நேரம் வைத்தால், தூளில் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். அதையே சூடான நெய்யில் போட்டால் நெய் முழுக்க நிறம் ஏறும். மஞ்சளின் முக்கியச் சேர்மமான குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. கொழுப்பிலும் ஆல்கஹாலிலும் கரையும். ஒரு மூலிகையிலிருந்து நமக்கு என்ன கிடைக்கிறது என்பது, அதை எதில், எந்தச் சூட்டில் இறக்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

சூடு கெடுத்த மருந்து

சீன விஞ்ஞானி தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, ஒருவகை மாசிப்பச்சையைச் சூட்டில் இறக்கிய சாறுகள் சரியாகப் பலன் தரவில்லை. 4-ஆம் நூற்றாண்டு மருத்துவ நூலொன்றில், அந்த மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி இருந்தது. கொதிக்கவைக்கச் சொல்லவில்லையே என்று அவர் யோசித்தார். சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈத்தர் என்ற கரைப்பானைக் கொண்டு 1971-இல் சாற்றை எடுத்தார். அது வேலை செய்தது. ஆர்ட்டிமிசினின் மருந்து அப்படித்தான் கிடைத்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு.

ஆலையில் நடப்பது

மஞ்சள்தூளை எத்தனால், அசிட்டோன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கினால் பிசின் போன்ற சாறு மிஞ்சும். அதைச் சுத்திகரித்தால் குர்குமின் வகைச் சேர்மங்கள் 95% வரை உள்ள தூள் கிடைக்கும். கரைப்பான் மிச்சமில்லை என்று சோதித்த பிறகே அது மாத்திரைக்குப் போக வேண்டும். மிகுந்த அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திச் சாறெடுக்கும் முறையும் உண்டு. அதில் எச்சம் தங்காது.

அளவில்தான் ஆபத்து

சமையல் மஞ்சளில் குர்குமின் சுமார் 3% தான். 95% செறிவுள்ள 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஏறத்தாழ 16 கிராம் மஞ்சள்தூளுக்குச் சமம். எந்தக் குழம்பிலும் ஒருவர் பங்குக்கு அவ்வளவு மஞ்சள் விழாது. பல மாத்திரைகளில் மிளகிலுள்ள பைப்பரின் என்ற சேர்மத்தையும் சேர்க்கிறார்கள். அது குர்குமினை ரத்தத்தில் 20 மடங்கு வரை கூட்டும் என்று 1998-இல் வெளியான பெங்களூர் ஆய்வு காட்டியது. உடம்பு வழக்கமாக வெளியேற்றிவிடுவதை இப்படித் தங்கவைப்பது நல்லதுதானா என்பதே என் கவலை. இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது. மாத்திரை சாப்பிடும் நாட்களில் சிறுநீர் அடர்நிறமானாலோ கண் மஞ்சளித்தாலோ உடனே நிறுத்திவிட்டு, அந்தப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.