குருவிக்கு இல்லாத அதிர்ச்சி நமக்கு ஏன்?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வேடந்தாங்கல் ஏரியை நாடி நாரைகளும் கூழைக்கடாக்களும் கூட்டங்கூட்டமாக வருகின்றன. ஏரிக்குச் செல்லும் வழியில் மின்கம்பிகளின் மேல் கரிச்சான் குருவிகள் அமர்ந்திருப்பதையும் காணலாம். அவற்றை மின்சாரம் தாக்குவதில்லையே, ஏன்?

மின்னோட்டம் பாய இரு புள்ளிகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு தேவை. குருவியின் இரு கால்களும் ஒரே கம்பியில் இருப்பதால் அந்த வேறுபாடு அநேகமாக இல்லை. ஆனால், கூழைக்கடா போன்ற பெரிய பறவை சிறகை விரித்து இரண்டு கம்பிகளை ஒருசேரத் தொட்டுவிட்டால் மாண்டுபோகும். நாமோ தரையில் நிற்பவர்கள். ஒரு கம்பியைத் தொட்டாலே போதும். மின்சாரம் நம் உடல் வழியே நிலத்தில் இறங்கும்.

ஃப்யூஸ் யாரைக் காக்கிறது?

வீட்டு மின்பெட்டியில் ஃப்யூஸ் கட்டைகளோ, எம்.சி.பி. எனப்படும் தானியங்கி சுவிட்சுகளோ இருக்கும். ‘ஷாக் அடித்தால் அது நிறுத்திவிடும்’ என்று பலர் நம்புகின்றனர். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஈரமான உடலின் மின்தடை 1,000 ஓம் எனக் கொள்வோம். ஓம் விதிப்படி, உடலில் பாய்வது 0.23 ஆம்பியர். விளக்குகளுக்கான எம்.சி.பி.யோ 6 ஆம்பியரைத் தாண்டினால்தான் அசையும்! ஆனால் 0.03 ஆம்பியருக்கு மேல் உடலில் நீடித்தாலே இதயத்துடிப்பு தாறுமாறாகலாம்.

ஆக, ஃப்யூஸும் எம்.சி.பி.யும் காப்பது கம்பியை. அது சூடேறித் தீப்பிடிக்காமல் தடுக்கின்றன. எனவே அவற்றின் அளவு, கம்பி தாங்கும் அளவை மிஞ்சக் கூடாது. அடிக்கடி அணைகிறதென்று 10 ஆம்பியருக்குப் பதில் 32 ஆம்பியர் மாட்டுவதும், ஃப்யூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றுவதும் காவல்காரனைத் தூங்க வைப்பதற்கு ஒப்பாகும்.

உயிர் காக்கும் கருவி

உயிரைக் காக்க வேறொரு கருவி உண்டு. அதன் பெயர் ஆர்.சி.சி.பி. அதனுள் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டும் அதன் வழியே செல்கின்றன. போன மின்னோட்டம் முழுவதும் திரும்பினால் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கொஞ்சம் நிலத்துக்குக் கசிந்தால் சமநிலை குலையும். வளையத்தில் சுற்றிய மூன்றாவது சுருளில் மின்சாரம் தூண்டப்பட்டு, சுவிட்ச் அணையும். வீடுகளுக்கேற்றது 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவு கசிந்தால் 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. உலர்ந்த மரப்பலகைமீது நின்று ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால், போனது அப்படியே திரும்பிவிடும். கருவிக்கு நீங்களும் ஒரு மின்விளக்குதான்! கூழைக்கடாவுக்கு நேர்ந்த கதியே நமக்கும் நேரும்.

பராமரிப்பு

மாமல்லபுரம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று மின்பெட்டியின் இணைப்புகளை அரிக்கிறது. அரித்த இடத்தில் மின்தடை கூடும், சூடேறும், கருகும். அங்கெல்லாம் நன்கு மூடும், துருப்பிடிக்காத பெட்டியை, ஈரமில்லாத சுவரில் பொருத்த வேண்டும். கருகிய வாசனை வந்தால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள், நீங்களே திறக்காதீர்கள்.

மாணவர்களே! பெரியவர் ஒருவருடன் உங்கள் வீட்டு மின்பெட்டியைப் பாருங்கள். ‘டி’ என்ற ஆங்கில எழுத்திட்ட சிறு பொத்தான் இருக்கிறதா? மாதம் ஒருமுறை அதை அழுத்தச் சொல்லுங்கள். உடனே மின்சாரம் நின்றால் காவல்காரன் விழித்திருக்கிறான். நிற்காவிட்டால் கருவியை மாற்ற வேண்டும். பொத்தானே இல்லையா? அதை இன்றே வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.