அடி அண்ணாமலை குரங்குக்கு ஆஃப் சீசன் எப்போ?

போன பௌர்ணமிக்கு ராத்திரி முழுக்க கிரிவலம் நடந்து, விடியும்போது அடி அண்ணாமலையில ஒரு டீக்கடையில உட்கார்ந்தோம். டீ வர்றதுக்குள்ள ரூம்மேட் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் காணோம். மதில் மேல ஒரு குரங்கு, கவரைப் பல்லால் கிழித்து எல்லாத்தையும் வாய்க்குள்ள திணித்துக்கொண்டிருந்தது. மெல்லவே இல்லை. ரெண்டு கன்னமும் கழுத்து வரை உப்பிப்போச்சு.

"அது இன்னும் முழுங்கல தம்பி. பையில போட்டுக்கிது, அப்புறம் ஓரமா போய் தின்னும்" என்றார் கடைக்கார அக்கா.

அக்கா சொன்னது சரிதான். அதற்குப் பெயர் கன்னப்பை. கிடைக்கும்போது வேகமாக அள்ளி, பத்திரமான இடத்துக்குப் போய்ச் சாப்பிடும் வசதி. இந்தப் பை வைத்திருப்பது நம்ம நாட்டுக்குரங்கு, தலைமுடி குல்லா போட்டது போல இருக்குமே, அதுதான். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை.

பிஸ்கட் வருவதற்கு முன்னால் இது என்ன தின்றது? காட்டைப் பார்த்துத் தின்றது. மாசி, பங்குனியில் புளி. ஆனி, ஆடியில் வேப்பம்பழம், நாவல். மழை வந்தால் தளிரும் பூச்சியும். நடுவில் எதுவும் பழுக்காத வாரங்களுக்கு ஆலும் அத்தியும்தான் பேக்கப். இந்த இனத்து மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. ஒன்று காயாக இருக்கும்போது இன்னொன்று பழுத்திருக்கும்.

நமக்குப் பஞ்ச காலம் கோடை. பனி பெய்கிற காடுகளில் அது குளிர்காலம். வடக்கே ஜப்பானின் ஷிமோகிதா தீபகற்பம் வரை குரங்குகள் இருக்கின்றன. மனிதனை விட்டுவிட்டால், அதைவிட வடக்கே எந்தக் குரங்கினமும் இல்லை. இலையுதிர் காலத்தில் கொட்டைகளைத் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும். பனியில் கிடைப்பது மரப்பட்டையும் மொட்டும்தான். அதிலிருந்து வரும் சக்தி செலவுக்குப் பத்தாது, பாக்கியைச் சேமித்த கொழுப்பு கொடுக்கும். நம்ம பாஷையில் சொன்னால், மூணு மாசம் பேட்டரியில் ஓடுகிற சிஸ்டம். சார்ஜ் ஏறாத வருஷம் குட்டிகள் சாகும்.

சீனாவின் சின்லிங் மலையில் இருக்கும் சப்பைமூக்குக் குரங்கின் வழி வேறு. மரத்தில் படரும் லைக்கனைத் தின்றே குளிரைத் தாண்டும். நமக்கு அது செரிக்காது. அதன் வயிற்றில் மாட்டுக்கு இருப்பது போல அறைகள் உண்டு, உள்ளே இருக்கும் பாக்டீரியா நொதிக்க வைத்துக் கொடுக்கும். காஷ்மீரின் தாச்சிகாமில் வாழும் லங்கூருக்கும் அதே மாதிரி வயிறுதான். அது குளிரில் மரப்பட்டையை உரித்துத் தின்கிறது.

ஆக, குளிரோ வெயிலோ, பஞ்ச காலம் ஒன்று இருந்தது. காடு எத்தனை வாயைத் தாங்கும் என்பதை அந்த மாதங்கள்தான் முடிவு செய்தன. அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஜப்பான்காரர்கள் ஏற்கனவே பார்த்துவிட்டார்கள். தகாசாகியாமா மலையில் 1950-களில் சுற்றுலாவுக்காகத் தீனி போட ஆரம்பித்தார்கள். சில நூறாக இருந்த கூட்டம் 2,000-ஐத் தாண்டியது. கடைசியில் தீனியைக் குறைக்க வேண்டியதாயிற்று.

நம்ம 14 கிலோமீட்டர் பாதையில் நடப்பதும் அதுதான், கொஞ்சம் மோசமாக. இங்கே தீனி தினமும் ஒரே அளவு வருவதில்லை. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஆட்கள், வாழைப்பழம், பிஸ்கட், மிச்ச அன்னதானம். மறுநாள் ரோடு காலி. பசித்த கூட்டம் வீட்டு ஓட்டைப் பிரிக்கும், வண்டிக்குக் குறுக்கே ஓடும். இத்தனைக்கும் ஐ.யூ.சி.என். பட்டியலில் இது அழியும் அபாயத்தில் உள்ள இனம். ரோட்டில் இவ்வளவு பார்ப்பதால் நமக்கு நம்ப முடிவதில்லை.

இன்னொரு பாக்கெட்டை எடுத்த ரூம்மேட் அதைப் பைக்குள் வைத்து ஜிப் போட்டான். "எப்பவுமே இப்படித்தானா அக்கா?" என்று கேட்டேன்.

"எப்பவும் இல்ல. மேல அத்தி பழுத்துட்டா ரெண்டு மூணு நாளு இந்தப் பக்கமே எட்டிப் பாக்காதுங்க" என்றார்.