வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்தால் என்ன இழப்பு?

புதுடெல்லி: ஒரு நிறுவனத்தில் இருந்து மற்றொன்றுக்கு மாறும் ஊழியர்கள் பலர், பழைய வருங்கால வைப்பு நிதிக் (பி.எஃப்.) கணக்கில் இருப்பது சிறு தொகைதானே எனக் கருதி அதை முழுவதுமாக எடுத்துவிடுகின்றனர். இதன் விளைவு ஓய்வுபெறும்போதுதான் தெரியவருகிறது.

இறுதியாகக் கணக்கு முடிக்கும்போது 50 சதவீத உறுப்பினர்களின் கணக்கில் ரூ.20 ஆயிரத்துக்கும் குறைவாகவும், 75 சதவீதத்தினரின் கணக்கில் ரூ.50 ஆயிரத்துக்கும் குறைவாகவுமே பணம் உள்ளதாக மத்திய தொழிலாளர் நல அமைச்சகம் கடந்த 2025 அக்டோபரில் தெரிவித்தது. அடிக்கடி பணம் எடுப்பதே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

கூட்டு வட்டியின் பலன்

2024-25 நிதியாண்டுக்கான பி.எஃப். வட்டி 8.25 சதவீதம். இந்த விகிதம் ஆண்டுதோறும் மாறக்கூடியது. இதே விகிதம் நீடிப்பதாகக் கொண்டால், 28 வயதில் கணக்கில் உள்ள ரூ.1 லட்சம், 48 வயதில் ஏறத்தாழ ரூ.4.88 லட்சமாகும், 58 வயதில் ரூ.10.78 லட்சத்தை எட்டும். மொத்த வளர்ச்சியில் பாதிக்கும் மேல் கடைசிப் பத்து ஆண்டுகளில்தான் கிடைக்கிறது. இளம் வயதில் எடுக்கப்படும் பணம் இந்தப் பலனையே இழக்கச் செய்கிறது.

ஓய்வூதியமும் வரியும்

நிறுவனம் செலுத்தும் 12 சதவீதப் பங்கில் 8.33 சதவீதம், ரூ.15 ஆயிரம் ஊதிய வரம்புக்கு உட்பட்டு, ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்கிறது. மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டு பணிக்காலம் தேவை. ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால், அதுவரையிலான பணிக்காலம் கணக்கில் சேராது. தொடர்ச்சியாக 5 ஆண்டுகள் நிறைவடையும் முன்பு எடுக்கும் தொகைக்குப் பொதுவாக வருமான வரியும் உண்டு. கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால், முந்தைய பணிக்காலமும் இந்த 5 ஆண்டுகளில் சேர்த்துக்கொள்ளப்படும்.

புதிய முடிவு

இந்நிலையில், உறுப்பினர் கணக்கில் 25 சதவீதத் தொகையைக் குறைந்தபட்ச இருப்பாக வைக்க, வருங்கால வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபர் 13-ம் தேதி முடிவு செய்தது. வேலை இழந்தவர்கள் 75 சதவீதத்தை உடனடியாகப் பெறலாம். எஞ்சியதைப் பெறுவதற்கான காத்திருப்பு 2 மாதங்களில் இருந்து 12 மாதங்களாக உயர்த்தப்பட்டது. ஓய்வூதியப் பணத்துக்கு இது 36 மாதங்கள்.

வேலை இழந்து வருமானமின்றித் தவிப்பவருக்கு இந்தப் பணம் அவசர உதவி. ஆனால், அடுத்த மாதமே புதிய ஊதியம் பெறவிருப்பவருக்கு அத்தகைய நெருக்கடி இல்லை. அவர், தனது பொதுக் கணக்கு எண்ணைப் (யுஏஎன்) புதிய நிறுவனத்திடம் அளித்து, பழைய இருப்பை மாற்றிக்கொள்வதே நீண்டகால நோக்கில் பயன்தரும்.