கழுத்தைச் சொல்கிறவர்கள் விலையைச் சொல்வதில்லை

அயல்நாட்டுக் கம்பெனிகளுக்கு வருஷக்கணக்காகப் பனியனும் டீ-சர்ட்டும் தைத்தனுப்பி, அளவு கொஞ்சம் பிசகினாலும் சரக்கு கழிபட்டுவிடும் என்ற பயத்தினாலேயே தொழிலில் கைதேர்ந்துவிட்ட திருப்பூர் முதலாளி ஒருவர், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, பிறர் பெயரையே எத்தனை காலம் கழுத்து லேபிளில் தைத்துக்கொண்டிருப்பது என்ற நியாயமான ரோஷத்தினால் உந்தப்பட்டுச் சொந்தமாக ஒரு பிராண்டு தொடங்க முனைவது இன்று அவ்வூரில் சாதாரணமாகக் காணக்கூடிய காரியம். நூல் எங்கே நயமாகக் கிடைக்கும், எந்த டையிங்கில் கருநீலம் சாயம் போகாமல் நிற்கும், எந்தப் பவர் டேபிள்காரர் வாயிதா தவறமாட்டார் என்பதெல்லாம் அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவரிடம் இல்லாதது, ஆடைக்கு உருவம் கற்பிக்கும் டிசைனர் ஒருவரே. மாதச் சம்பளத்தில் அமர்த்தும் அளவுக்குப் புதிய பிராண்டில் வேலை இராதாகையால், சென்னையிலோ பெங்களூரிலோ தம் வீட்டு மேஜையிலிருந்தே பலருக்கும் வேலை செய்துகொடுக்கும் ஃப்ரீலான்ஸ் டிசைனரை அவர் நாடுகிறார்.

இவ்விதம் சுயேச்சையாகப் பல ஸ்தாபனங்களுக்கு உழைப்பவர்களை வேலை கிடைக்காதவர்கள் என்று கருதும் மனோபாவம் நம்மவரிடம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. ஆடை டிசைனர் கார்ல் லாகர்ஃபெல்ட் 1965இல் ரோமாபுரியின் ஃபெண்டி ஸ்தாபனத்துக்கு வரைந்துகொடுக்கத் தொடங்கி, பாரிஸில் க்ளோயேவுக்கும், 1983 முதல் ஷனேலுக்கும் ஏககாலத்தில் வேலை செய்துகொண்டே, 2019இல் காலமாகும் வரையில் ஃபெண்டியின் உறவையும் விடாதிருந்தார் என்பதை நினைத்தால், பல கதவுகளைத் தட்டும் டிசைனரைப் பற்றிய நம் அபிப்பிராயம் சற்று மாறக்கூடும்.

முதலாளிக்கும் டிசைனருக்கும் நிகழும் முதல் டெலிபோன் சம்பாஷணை பெரும்பாலும் இப்படித்தான் அமையும். “மேடம், எல்லாருக்கும் பிடிக்கற மாதிரி வேணுங்க. கொஞ்சம் மாடர்னா இருக்கோணும், ஆனா ரொம்பப் போயிரக் கூடாதுங்க.” “யார் போட்டுக்கப் போறாங்க சார், என்ன வயசு?” “பதினஞ்சுல இருந்து அம்பது வரைக்கும் போட்டுக்கலாங்க.” “என்ன விலைக்கு விக்கறதா உத்தேசம்?” “அது நீங்க போட்டுக் குடுங்க, அப்புறம் பாத்துக்கலாங்க. கழுத்து மட்டும் நான் வாட்ஸ்அப்புல அனுப்பிச்ச போட்டோவுல இருக்கற மாதிரியே வரோணும், ரெண்டு பட்டன், மரக் கலர்ல.”

இதிலுள்ள விசித்திரம் கவனிக்கத் தக்கது. தாம் சரக்கு அனுப்பிய காலத்தில், ஒவ்வொரு ஆர்டருக்கும் டெக் பேக் என்ற பெயரில் வந்த காகிதக் கட்டில், துணியின் எடை முதல் லேபிளை எங்கே வைத்து எந்த நூலால் தைப்பது என்பது வரையில் ஒன்று விடாமல் எழுதியிருந்ததைப் படித்துப் படித்தே தேர்ந்தவர் இவர். உத்தரவு பெறுவதில் இவ்வளவு அனுபவம் உள்ளவர், உத்தரவு கொடுக்கும் ஸ்தானத்துக்கு வந்தவுடன் ஒன்றும் எழுதாமல் வாய்வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறார். அதைவிட முக்கியமானது, தாம் நிர்ணயிக்க வேண்டியதை டிசைனரின் தலையில் போட்டுவிட்டு, டிசைனர் நிர்ணயிக்க வேண்டிய கழுத்தையும் பட்டனையும் தாம் பிடித்துக்கொள்கிறார் என்பதே. அணிபவர் யார், விலை என்ன, துணி எது, தைக்கப்போகும் யூனிட்டில் என்ன மெஷின் உண்டு, சரக்கு எந்தத் தேதியில் கடையேற வேண்டும் என்ற ஐந்தும் முதலாளியின் பொறுப்பு. டிசைனருக்குக் கொடுக்கும் பிரீஃப் என்பது பிரதானமாக இவற்றைத்தான் சொல்ல வேண்டும். உருவம் டிசைனருடையது; அதற்குத்தானே கூலி கொடுக்கிறோம்!

அணிபவரைப் பற்றி எழுதும்போது வயது வரம்பும் வருமான வரம்பும் அதிகமாக உதவுவதில்லை. கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் படித்துக்கொண்டே பகுதிநேரம் டெலிவரி வேலைக்கும் போகிற, பைக்கில் வெயிலில் அலைகிற, வியர்வை தெரியாத நிறமாகத் தேடி வாங்குகிற, மாதத்தில் ஒரு சட்டைக்கு மேல் வாங்க முடியாத ஓர் இளைஞனை வர்ணித்து நாலு வரி எழுதினால், வெளிர்சாம்பல் நிறத்தை டிசைனர் தாமே விலக்கிவிடுவார். பதினைந்திலிருந்து ஐம்பது வரை என்று சொன்னால் அவரால் எதையும் விலக்க முடியாது.

விலையைச் சொல்லத் தயங்குவதற்குக் காரணம், முன்னதாகச் சொன்னால் கற்பனை குறுகிவிடும் என்ற எண்ணமாக இருக்கலாம். உண்மை நேர்மாறானது. கடையில் 599 ரூபாய்க்கு விற்க வேண்டிய டீ-சர்ட் என்று வைத்துக்கொள்வோம்: கடைக்காரர் லாபம், விநியோகஸ்தர் பங்கு, வரி, விளம்பரம், விற்காமல் தேங்கும் சரக்கின் நஷ்டம் இவையெல்லாம் கழிந்து, துணி வாங்கி, வெட்டி, தைத்து, அயர்ன் செய்து, பெட்டியில் அடுக்குவதற்கு மிஞ்சுவது சுமார் இருநூறு ரூபாயாக நின்றுவிடக்கூடும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு ஸ்கிரீன் போட வேண்டுமாகையால், இந்த இருநூறு ரூபாயை அறியாத டிசைனர் மார்பில் ஆறு நிறச் சித்திரமும் கையில் எம்ப்ராய்டரியும் வைத்து வரைந்தனுப்பினால் அது அவர் குற்றமாகாது. அறிந்த டிசைனரோ இரண்டே நிறத்தில், துணியின் சொந்த நிறத்தையே மூன்றாவது நிறமாகப் பாவித்து, பார்க்க நிறைவாக ஒன்றைச் செய்துவிடுவார்.

துணியை அதன் எடையால் சொல்வது பின்னலாடைத் தொழிலின் சம்பிரதாயம். ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்பதையே ஜி.எஸ்.எம். என்கிறார்கள். உள்ளங்கைக்கு அடங்குகிற ஒரு வட்ட கட்டரைத் துணியின் மேல் வைத்து அழுத்தித் திருகினால், சரியாக நூறு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு வில்லை வெட்டுப்பட்டு வரும். அதைச் சிறு தராசில் இட்டு, 1.8 கிராம் காட்டினால் நூறால் பெருக்கி 180 ஜி.எஸ்.எம். என்று சொல்லிவிடுவார்கள். பிரீஃபில் ‘நல்ல காட்டன் துணி’ என்று எழுதுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை; ‘180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி, நூறு சதவீதம் காட்டன், பயோவாஷ் செய்தது’ என்று எழுதி, கையகலத் துண்டொன்றையும் பின் செய்து அனுப்பினால், துணி எப்படித் தொங்கும், எங்கே மடியும் என்பதை டிசைனர் கையால் தொட்டே அறிந்துகொள்வார். திருப்பூரில் துணி கிலோக் கணக்கில் விலைபோவதால், எடையை மாற்றுவது விலையை மாற்றுவதாகும். 180 ஜி.எஸ்.எம்.மில் ஒரு கிலோ என்பது ஐந்தரைச் சதுர மீட்டர்; அதே கிலோ 240 ஜி.எஸ்.எம்.மில் நாலு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இப்பொழுது இளைஞர்கள் விரும்பும், தோள் இறங்கிய தொளதொளத்த ஓவர்சைஸ் சட்டைகளுக்குக் கனத்த துணியும் வேண்டும், அதிகப் பரப்பும் வேண்டும். கணக்கு இரண்டு பக்கமும் இடிக்கும் என்பதை முதல் நாளே பேசிவிடுவது உத்தமம்.

நிறத்தைப் பற்றிப் பேசுகையில் கைபேசித் திரையை நம்புவது பெரும் சங்கடங்களுக்கு வித்து. முதலாளியின் திரையில் கருநீலமாகத் தெரிவது டிசைனரின் திரையில் ஊதாவாகத் தெரியும். இதற்காகவே பாண்டோன் கம்பெனியார் பருத்தித் துணியிலேயே சாயமிட்டு, எண்ணிட்ட நிறத்துண்டுகளை விற்கிறார்கள்; 19-4052 என்று எழுதிவிட்டால் உலகத்தில் எந்த டையிங் மாஸ்டருக்கும் அது ‘க்ளாசிக் ப்ளூ’ என்ற ஒரே நீலந்தான். டையிங்கிலிருந்து மாதிரிக்காகச் சாயமிட்டு வரும் லேப் டிப் துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் பார்த்துச் சம்மதம் சொல்லாமல், லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்குரிய டி65 விளக்கிலும் கடை வெளிச்சத்துக்குரிய டி.எல்.84 விளக்கிலும் பார்க்க வேண்டும் என்பதையும், பார்த்துச் சம்மதிக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் பிரீஃபிலேயே குறிப்பிடலாம். முந்நூறு உருப்படிக்குப் பதினோரு நிறம் கேட்டால் எந்த டையிங்காரரும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். ஆகவே ஒரு நிறத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோ சாயமேற்றுவார்கள் என்பதும் டிசைனருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

மாதிரிக்காக ஆடைகளை அனுப்பும் வழக்கம் மிக நல்லது. ஆனால் படங்களாக நாற்பது அனுப்புவதைவிட, நிஜமான உடுப்பு மூன்று அனுப்புவது மேல். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைக் குத்தி, ‘இதில் எங்களுக்கு வேண்டியது கையின் இறக்கம் மாத்திரம், கழுத்து வேண்டாம்’, ‘இந்தத் துணி வேண்டும், வெட்டு வேண்டாம்’ என்று எழுதினால், முழுச் சட்டையையும் அப்படியே நகலெடுக்கச் சொல்கிறார்களோ என்ற சந்தேகம் டிசைனருக்கு எழாது. ஓரிரு சீசன் விற்றுப் பார்த்தவர்கள், நன்றாக விற்றதை மட்டும் பெருமையோடு அனுப்பாமல், கடைகளிலிருந்து திரும்பிவந்த மூட்டையிலிருந்தும் ஒன்றை எடுத்து, அது ஏன் திரும்பியது என்பதை ஒளிக்காமல் எழுதி அனுப்புவார்களானால், மூட் போர்டு என்று படங்களை ஒட்டி அலங்கரிப்பதைவிட அது பதின்மடங்கு உதவும். என் அபிப்பிராயத்தில் பிரீஃபின் மிக மதிப்புள்ள பக்கம் அதுதான். ஆனால் அதை எழுத முன்வருகிறவர்கள் அபூர்வம்.

அளவுப் பட்டியலில் ஓர் எச்சரிக்கை. ஏற்றுமதி செய்து பழகியவர்கள், பழைய வெளிநாட்டு பையரின் சைஸ் சார்ட்டையே எடுத்து நீட்டிவிடுவதுண்டு. அந்த உடலமைப்பு வேறு, நம்முடையது வேறு. நிஃப்ட் கல்வி ஸ்தாபனம் முப்பரிமாண ஸ்கேனர்களைக் கொண்டு நாட்டு மக்களின் உடலளவுகளை எடுக்கும் ‘இந்தியாசைஸ்’ ஆய்வில் இறங்கியதற்குக் காரணமே இந்தியர்களுக்கென்று ஒரு நிலையான அளவுப் பட்டியல் இல்லாததுதான். மார்பளவை அக்குளிலிருந்து ஓரங்குலம் கீழே எடுப்பதா, அக்குளிலேயே எடுப்பதா என்பது வரை எழுதிவிட்டால், கட்டிங் மாஸ்டருக்கும் டிசைனருக்கும் நடுவே வாதம் எழாது.

காலத்தைப் பற்றி அதிகம் சொல்வானேன்? தீபாவளிக்குக் கடையேற வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, முதல் சாம்பிள், ஃபிட் சாம்பிள், சைஸ் செட், உற்பத்திக்கு முந்திய பி.பி. சாம்பிள் ஒவ்வொன்றுக்கும் தேதி போட வேண்டும். எத்தனை தடவை திருத்தித் தருவது கட்டணத்தில் அடங்கும், அதற்கு மேல் திருத்தினால் என்ன கொடுப்பது என்பதையும், திருத்தம் சொல்லும் அதிகாரம் வீட்டில் ஒருவருக்கே உரியது என்பதையும் எழுத வேண்டும். அப்பா சம்மதித்த காலரை மருமகள் மாற்றச் சொல்வதும், மருமகள் மாற்றியதைத் தம்பி பழையபடி ஆக்கச் சொல்வதுமான குடும்ப ஸ்தாபனங்களில் டிசைனர்கள் படும் பாட்டைத் தனியாகவே எழுதலாம்.

பணம் கொடுத்துவிட்டதாலேயே டிசைன் நமக்குச் சொந்தம் என்று முதலாளிகள் நினைப்பது சட்டத்தில் முழுதும் செல்லாது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் நிமித்தம் வரைந்தது முதலாளிக்குச் சேரும். சுயேச்சையாளர் வரைந்தது, எழுத்துமூலம் உரிமை மாற்றித் தரும் வரையில், பொதுவாக அவருடையதே. அப்படி எழுதும்போது கால வரம்பைக் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், பிரதேசத்தைக் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் பொருள் கொள்ளும். பதிவு செய்யத்தக்க ஒரு டிசைனைப் பதியாமலே ஐம்பது உருப்படிக்கு மேல் இயந்திரத் தொழில் முறையில் செய்துவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடுகிறது. 2000ஆம் வருஷத்து டிசைன் சட்டம், கூலி கொடுத்துச் செய்வித்தவரையே உரிமையாளராக ஏற்று, பதிவு செய்தால் முதலில் பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் பதியுமுன் அது வெளியே பிரசுரமாகியிருக்கக் கூடாது. டிசைனர்களோ தாம் வரைந்ததை இன்ஸ்டாகிராமில் காட்டித்தான் அடுத்த வேலையைத் தேட வேண்டியிருக்கிறது. அதை அடியோடு தடுப்பது அநியாயம். பதிவு விண்ணப்பம் போட்டு, சரக்கும் கடைக்கு வந்த பிறகு தம் பெயருடன் தாராளமாக வெளியிட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரியும், பேட்டர்ன் ஃபைல்களை எந்த வடிவத்தில், கடைசித் தவணைப் பணத்துக்கு முன்பா பின்பா ஒப்படைப்பது என்று இன்னொரு வரியும் சேர்த்து, இரு தரப்பாரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.