களனி தாண்டிக் கண்டிக்கு

பேலியகொடையில் களனி ஆற்றைக் கடந்ததும் கண்டி வீதி விரிகிறது. கொழும்பிலிருந்து சுமார் 115 கிலோமீற்றர். மூன்று, நான்கு மணித்தியாலத்தில் போய்விடலாம். ஆனால் இது ஓடிக் கடக்கிற வீதியல்ல, நின்று நின்று போகவேண்டியது.

கஜுகமவில் வறுத்த கஜு, வரக்காப்பொளையில் எள்ளுருண்டை. மாவனல்லைக்கு அருகே, 1864இல் தூக்கிலிடப்பட்ட கொள்ளையன் சரதியல் ஒளிந்திருந்த உத்துவன்கந்த மலை.

உச்சம் கடுகண்ணாவைதான். வளைந்து ஏறும் வீதிக்கு எதிரே, திறந்த புத்தகம்போல் பத்தலேகல மலை. ஓரத்தில், 1820களில் பாறையைக் குடைந்து அமைத்த வழி. இன்றைய வீதி அதைச் சுற்றிப் போகிறது. வாகனத்தை நிறுத்தி அதற்குள் நடந்து பாருங்கள், பாறை குளிர்ந்திருக்கும்.

இவ்வீதியை அமைத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவருக்காக 1832இல் எழுப்பிய கோபுரம் மேலே நிற்கிறது. பாறை உடைத்த தொழிலாளருக்கும் ஒரு கல் நட்டிருக்க வேண்டும்.

அப்பால் பேராதனைப் பூங்கா, பிறகு கண்டி.